ஒரு கைப்பிடி ரவை

அத்தியாயம் 17

பாந்தெலிஸ் கத்தியைக் கையில் எடுத்ததும் ஆர்கிரோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எப்படியும் ஒரு விரலாவது போகும் என்று அவளுக்குத் தோன்றியது.

கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் அவள் கணவன் அந்தச் சமையலறைக்குள் வந்ததெல்லாம் தண்ணீர் குடிக்கவும், ஒழுகும் குழாயை முடுக்கவும், "இன்னும் ஆகலையா" என்று கேட்கவும்தான். முட்டை வேகவைக்கத் தெரியாத மனிதன். பாத்ரா துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் வேலைக்கு எட்டு மாதம் போயிருந்தவன், போன வியாழக்கிழமைதான் சொந்த ஊர் கலமாத்தாவுக்குத் திரும்பியிருந்தான்.

திரும்பி வந்தவனை வரவேற்க மனைவி ஒரு கையோடுதான் இருந்தாள். ஆலிவ் பறிக்க ஏணியில் ஏறி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பார்த்துப் பார்த்து அதே வாரம்தான் மகள் தெஸ்பினாவின் மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வர வேண்டுமா? வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்று ஞாயிறு. மதியம் இரண்டு மணிக்கு வந்துவிடுவார்கள்.

ஆட்டுத் தொடையில் பூண்டும் மிளகும் செருகி, காலையிலேயே தெருமுனை ரொட்டிக்கடை அடுப்புக்குத் தெஸ்பினா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு தட்டுதான் என்று ரொட்டிக்கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் உருளைக்கிழங்கை வீட்டு மின்னடுப்பில்தான் செய்தாக வேண்டும்.

"நீ உட்காரு. கிழங்கை நான் பார்த்துக்கறேன்," என்றான் பாந்தெலிஸ்.

"நீயா?"

"நான்தான்."

"விளையாடாதே. வர்றது மாப்பிள்ளையோட அம்மா பொலிக்ஸேனி. அந்தம்மா எந்த வீட்டுல சாப்பிட்டாலும் மறுநாள் ஊருக்கே சேதி போயிடும், உப்பு பத்தலைன்னு."

"போகட்டும். நம்ம வீட்டுல பத்தும்."

சொல்லிவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்து கிழங்கை உரிக்க ஆரம்பித்தான். ஆர்கிரோ ஓரக்கண்ணால் பார்த்தாள். விரல்கள் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன. தோல் மெல்லிசாகச் சுருண்டு சுருண்டு கிண்ணத்தில் விழுந்தது. உரித்த கிழங்கை நீளவாக்கில் படகு படகாக நறுக்கினான். எல்லாத் துண்டும் ஒரே கனம். கழுவினான். கழுவியதோடு விடாமல் சுத்தமான துண்டை விரித்து, ஒவ்வொன்றையும் குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் ஒற்றி எடுத்தான்.

"அது எதுக்கு?"

"ஈரம் இருந்தா மொறுமொறுன்னு வராது."

"யாரு சொன்னா?"

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

இருபத்தாறு வருடமாக அவளுக்குத் தெரியாமல் இருந்தது. அவள் ஈரத்தோடுதான் போடுவாள்.

கிழங்கைத் தட்டில் பரப்பி ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினான். போன வாரம் ஆட்டிய புது எண்ணெய், பச்சையாக இருந்தது. காய்ந்த ஓரிகானோ இலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தூவினான். பூண்டைக் கத்தியின் பட்டையால் தட்டி, தோலை ஊதித் தள்ளிவிட்டுப் போட்டான். எலுமிச்சை நாலு பிழிந்து, பாதிச் சாற்றை மட்டும் ஊற்றினான். மீதியை ஒரு காப்பிக் கோப்பையில் எடுத்து ஜன்னலோரம் வைத்தான்.

ஆர்கிரோ அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதமாக அவள் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் மனதில் வைத்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் மதியம் பன்னிரண்டு மணிக்குமேல் பாந்தெலிஸின் கைபேசி அணைந்துவிடும். நாலு மணிக்குத்தான் உயிர் வரும். "தூங்கிட்டேன்" என்பான். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு சுற்றுப் பெருத்திருப்பான். தனியாக வாடகை அறையில் ரொட்டியும் மத்தி மீன் டப்பாவும் சாப்பிடுகிறவன் பெருப்பானா?

ஈரம் துவட்டத் தெரிகிறது. பூண்டு தட்டத் தெரிகிறது. இப்படிப் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஒரு பெண்ணால்தான் முடியும். அவள் யார்? எந்த வயது? தலைக்குச் சாயம் பூசுகிறவளா?

"ரவை எங்க வெச்சிருக்கே?" என்று கேட்டான் பாந்தெலிஸ்.

"ரவை எதுக்கு? அல்வா கிண்டப் போறியா?"

அவன் அலமாரியைத் துழாவினான். டப்பா அகப்பட்டது. ஒரு கைப்பிடி அள்ளி, கையை உயரத் தூக்கி, கிழங்கின்மேல் பனி விழுவதுபோல் பரவலாகத் தூவினான்.

ஆர்கிரோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். எழுந்தவளுக்கு எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

உருளைக்கிழங்கில் ரவை போடுகிற ஒரே ஒருத்தியை அவளுக்குத் தெரியும். அவளுடைய அக்கா எவ்தோகியா.

எவ்தோகியாவுக்குப் பதினாறு வயது, ஆர்கிரோவுக்குப் பன்னிரண்டு. அம்மா ஊரில் இல்லாத ஒரு நாள், அக்கா உப்பு என்று நினைத்து ரவையை அள்ளிப் போட்டுவிட்டாள். வெந்து வந்தபோது ஒவ்வொரு துண்டும் பொன்னிறமாக, வெளியே கரகரவென்றும் உள்ளே வெண்ணெய் மாதிரியும் இருந்தது. உப்புதான் சுத்தமாக இல்லை. அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "இனிமே இப்படியே போடு. உப்பையும் சேர்த்துப் போடு," என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் அது எவ்தோகியாவின் கிழங்கு. அவள் கல்யாணமாகிப் போனதும் அதுவும் போயிற்று.

பதினொரு வருடமாக அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. எவ்தோகியா இருப்பது பாத்ராவில்.

ஆனால் ரவை போடுகிறவள் உலகத்தில் ஒருத்திதானா? பாத்ராவில் எத்தனை ஆயிரம் அடுப்பு இருக்கும். ஆர்கிரோவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தெரியாத பெண்ணாக இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும். அக்காவாக இருந்தால்? அதற்கு என்ன ஆகும் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"யாரு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

பாந்தெலிஸ் தட்டின் ஓரமாகப் பார்த்துப் பார்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"பட்டறைச் சமையல்காரன். ஆல்பேனியாக்காரன். நல்ல மனுஷன்."

சொல்லிவிட்டுத் தட்டை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். காது இரண்டும் சிவந்திருந்தன. அடுப்புச் சூடு இன்னும் ஏறவே இல்லை.

*

பன்னிரண்டரைக்குத் தெஸ்பினா குளித்து, தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். இருபத்தி நாலு வயது. மூக்கை உறிஞ்சி வாசனை பிடித்தாள்.

"அப்பா, அமர்க்களம்."

"உனக்குத் தெரியுமா உங்கப்பா சமைப்பார்னு?" என்று கேட்டாள் ஆர்கிரோ.

மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டார்னு நினைக்கிறேன்மா. இப்பல்லாம் எல்லாமே வந்துடுதே அதுல."

"வீடியோவா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. போய்த் தலையைக் காய வை."

ஆல்பேனியாக்காரன் ஒன்று, வீடியோ இரண்டு. ஆர்கிரோ இடது கையால் மேசை விரிப்பை இழுத்து இழுத்து நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. மகளுக்கும் தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும்தான் தெரியாது. ஒருத்தி இருக்கிறாள் என்றால் மகள் இப்படி அப்பாவைப் பார்த்துச் சிரிப்பாளா? அக்காவாக இருந்தால் ஏன் மறைக்க வேண்டும்? ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டதுமே பதிலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை மேலே யோசிக்காமல் முள்கரண்டிகளை எண்ண ஆரம்பித்தாள்.

*

பொலிக்ஸேனி சரியாக இரண்டு மணிக்கு வந்தாள். கணவரை இழந்து ஆறு வருடம். இன்னும் கறுப்பு உடையைக் களையவில்லை. காதில் மட்டும் பெரிய முத்து. பின்னாலேயே மகன் மாந்தோஸ், கையில் இனிப்புப் பெட்டியோடு, கழுத்துப் பட்டை இறுகி முகம் சிவந்து வந்தான்.

"கை எப்படி இருக்கு சம்பந்தியம்மா?" என்றாள் பொலிக்ஸேனி. இன்னும் எதுவும் முடிவாகவில்லை. ஆனாலும் அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததில் தெஸ்பினாவின் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லைங்க. மூணு வாரத்துல பிரிச்சிடுவாங்க."

"நம்ம வயசுல ஏணியெல்லாம் ஏறக் கூடாது. ஆம்பளைங்க எதுக்கு இருக்காங்க?"

"நான் ஊர்ல இல்லைங்க," என்றான் பாந்தெலிஸ்.

"அதான் சொல்றேன்."

ரொட்டிக்கடையிலிருந்து வந்த ஆட்டுக்கறி மேசை நடுவில் இருந்தது. பக்கத்தில் பாந்தெலிஸின் கிழங்கு. கடைசியாக அந்தக் கோப்பைச் சாற்றை அவன் மேலே தெளித்தபோது தட்டு சுர்ரென்று பாடியது. அந்த வாசனைக்கு மாந்தோஸ் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டான்.

பொலிக்ஸேனி ஒரு துண்டை வாயில் வைத்தாள். மென்றாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருக்கு," என்றாள். சொல்லிவிட்டு நாலு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கறியைப் பற்றியும் இந்த வருட ஆலிவ் விளைச்சலைப் பற்றியும் பேச்சு போயிற்று. பொலிக்ஸேனி மூன்றாம் முறையாகக் கிழங்கை நோக்கிக் கரண்டியை நீட்டினாள்.

"இதுல என்னமோ போட்டிருக்கீங்க. வெளியில கரகரன்னு இருக்கே, அது என்ன?"

"ரவைங்க," என்றான் பாந்தெலிஸ்.

"ரவையா? இது எந்த ஊர் வழக்கம்? யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

பாந்தெலிஸ் ஒயினை ஒரு வாய் குடித்தான்.

"பாத்ராவுல நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா. வயசானவங்க."

முள்கரண்டியில் குத்திய கறித் துண்டு ஆர்கிரோவின் கையிலேயே நின்றது. இது மூன்றாவது. சமையல்காரன், வீடியோ, வீட்டுக்காரம்மா. காலையிலிருந்து அவள் அந்தக் கிழங்கைத் தொடாமலே இருந்தாள். இப்போது இடது கையால் தடுமாறி ஒரு கிழங்குத் துண்டை வாயில் வைத்தாள்.

முதலில் புளிப்பு வந்தது. பிறகு பூண்டு. கடைசியில் பல்லில் அந்தக் கரகரப்பு. இது வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

"அம்மா, வீடியோ பார்த்துதான்னு தெஸ்பினா என்கிட்ட சொன்னா," என்றான் மாந்தோஸ் வெள்ளந்தியாக. மேசைக்கு அடியில் தெஸ்பினா அவன் காலை மிதித்தது மேசை மேலேயே தெரிந்தது.

பொலிக்ஸேனி கரண்டியை வைத்தாள்.

"ஒரு கிழங்குக்கு ரெண்டு கதையா இருக்கே. சரி, அது உங்க வீட்டு விஷயம். நான் வேற ஒண்ணு கேட்கணும்னு வந்தேன். தெஸ்பினாவுக்குப் பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். மாந்தோஸ் சொன்னான். கல்யாணத்துக்கு அவங்க வருவாங்களா?"

ஆர்கிரோ மகளைப் பார்த்தாள். மகள் தட்டைப் பார்த்தாள்.

"நான் ஏன் கேட்கறேன்னா," என்றாள் பொலிக்ஸேனி, குரலைத் தணித்து, "என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒன்பது வருஷம் பேசாம இருந்தாங்க. கடைசியில அவர் படுக்கையில கிடந்தப்ப தம்பி வந்து நின்னார். இவருக்கு ஆளே தெரியல. யாரு நீன்னு கேட்டார். அதை நான் பார்த்தேன். என் மகன் கல்யாணத்துல அந்த மாதிரி ஒரு நாற்காலி காலியா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"ரொட்டி எடுத்துட்டு வர்றேன்," என்று ஆர்கிரோ எழுந்தாள். மேசைமேல் கூடை நிறைய ரொட்டி இருந்தது.

*

பாந்தெலிஸ் அவள் பின்னாலேயே சமையலறைக்கு வந்தான். ஆர்கிரோ கதவைச் சாத்தினாள்.

"நாலாவதா ஒண்ணு சொல்லிடாதே. அக்கா வீட்டுலதானே சாப்பிட்டே?"

"ஆமா."

"எட்டு மாசமும்?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. வேறு பெண் யாருமில்லை. சுவரில் சாய்ந்தாள். அடுத்த நொடியே கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, வெட்கத்தோடு, பொறாமையும் வந்தது. இவன் எட்டு மாதம் அக்காவின் கையால் சாப்பிட்டிருக்கிறான். எதை முதலில் பேசுவது என்று தெரியாமல், கடைசியில் அவள் கேட்டது வேறு.

"போனை ஏன் அணைச்சு வெச்சே?"

"நீ கூப்பிட்டா பொய் சொல்லணும். எனக்குப் பொய் வராது."

"இன்னிக்கு மட்டும் ரெண்டு வந்துதே."

"ரெண்டும் எப்படி வந்துதுன்னு பார்த்தியா? அதான் சொல்றேன்." அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "முதல் நாள் பட்டறையில கிரேன்ல இருந்து ஒருத்தன் இறங்கி வந்தான். ஸ்தாதிஸ்."

ஸ்தாதிஸ். அந்தப் பெயர் அந்த வீட்டில் பேசப்பட்டே வெகுகாலம் ஆகிவிட்டது. எவ்தோகியாவின் கணவன். ஏற்கெனவே ஒரு கல்யாணம் செய்து விவாகரத்து ஆனவன், ஒரு பையனுக்கு அப்பா. அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று எவ்தோகியா போனதும், அப்பா அவளோடு பேச்சை நிறுத்தினார். மூன்று வருடம் கழித்து ஆலிவ் தோப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அடக்கத்துக்கு எவ்தோகியா வந்தாள். கல்லறை வாசலில், பாதிரியார் முதல் பக்கத்து வீட்டார் வரை எல்லோரும் கேட்க, ஆர்கிரோ சொன்னாள். "உன்னாலதான் அப்பா போனார். இப்ப சந்தோஷமா?"

எவ்தோகியா கையிலிருந்த பூவைத் தரையில் வைத்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அதுதான் கடைசி.

"என்னை அடையாளம் தெரிஞ்சு அவன்தான் வந்து பேசினான்," என்றான் பாந்தெலிஸ். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வான்னான். மூஞ்சில அடிச்ச மாதிரி மாட்டேன்னு சொல்ல முடியல. போனேன். அப்புறம் அந்த அறையில தனியா உட்கார முடியாம திரும்பத் திரும்பப் போனேன். சமையல் சொல்லிக் குடுத்தவன் அவன்தான். அந்த வீட்டுல ஞாயித்துக்கிழமை அவன்தான் அடுப்புல நிப்பான். என்னையும் நிக்க வெச்சான்."

"அவன் சொல்லிக் குடுத்தானா? அக்கா இல்லையா?"

பாந்தெலிஸ் இல்லை என்று தலையாட்டினான்.

"அவ எங்க இருந்தா அப்ப?"

"உள் அறையில."

"எதுக்கு?"

"நான் வந்தா உள்ள போயிடுவா, ஆர்கிரோ. கதவைச் சாத்திக்குவா. நான் கிளம்பின பிறகுதான் வெளிய வருவாளாம். என் மேல கோபம் இல்லையாம், என்னைப் பார்த்தா உன் ஞாபகம் வருதாம். ஸ்தாதிஸ்தான் சொன்னான்."

ஆர்கிரோவுக்குப் புரியவில்லை. இத்தனை வருடமும் கோபித்துக்கொள்ளும் உரிமை தனக்குத்தான் என்று இருந்துவிட்டாள். அக்கா வருவாள், அழுவாள், அப்போது மன்னிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்போம் என்றுகூட நினைத்து வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு கதவு சாத்தியிருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"ஒரு வார்த்தைகூடப் பேசலையா உன்கிட்ட?"

"ஒரு தடவை. ஜூன் மாசம்னு நினைக்கிறேன். நான் மொத்தச் சாறையும் தட்டுல ஊத்தப் போனேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, 'மொத்தமா ஊத்தாதீங்க, பாதியைக் கடைசிக்கு வையுங்க'ன்னா. சொல்லிட்டு உள்ள போயிட்டா. எட்டு மாசத்துல அவ்வளவுதான்."

வெளியே பொலிக்ஸேனி ஏதோ சொல்ல, தெஸ்பினா சிரிக்கும் சத்தம் கேட்டது. வலிய வரவழைத்த சிரிப்பு.

"தெஸ்பினாவுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். அவளுக்குப் பெரியம்மா வேணுமாம் கல்யாணத்துக்கு. உன்கிட்ட கேட்கப் பயம். எனக்கும்தான்." அவன் அவளுடைய மாவுக்கட்டை மெதுவாகத் தொட்டான். "வாயால சொல்ல வரல. அதான் கிழங்கு பண்ணேன். வாயில வெச்சதும் நீயே கேட்பேன்னு நினைச்சேன். நீ கேட்டதும் பயந்துட்டேன்."

"நீ ஒரு முட்டாள், பாந்தெலிஸ்."

"தெரியும்."

"ரொட்டியை எடு. அவங்க காத்துட்டு இருக்காங்க."

*

ஐந்து மணிக்கு விருந்தாளிகள் கிளம்பினார்கள். வாசலில் பொலிக்ஸேனி ஆர்கிரோவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "புளிப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரரை. மத்தபடி எனக்குச் சம்மதம்," என்றாள். தெஸ்பினா அங்கேயே அழ ஆரம்பித்தாள். அவளும் பாந்தெலிஸும் அவர்களைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விடப் போனார்கள்.

ஆர்கிரோ மட்டும் எச்சில் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் மனம் எங்கே நிற்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பாந்தெலிஸின் கைபேசி மேசையிலேயே கிடந்தது. இடது கைக் கட்டைவிரலால் தேடினாள். 'ஸ்தாதிஸ் கிரேன்' என்று இருந்தது.

அவர்கள் திரும்பி வருவதற்குள் செய்தால்தான் உண்டு. வந்துவிட்டால் தைரியம் போய்விடும்.

அழுத்தினாள். மணி இரண்டு முறை ஒலித்ததும் ஸ்தாதிஸ் எடுத்துவிட்டான்.

"என்னப்பா, எப்படி வந்துது கிழங்கு? சம்பந்தியம்மா என்ன சொன்னாங்க?" கனத்த, கலகலப்பான குரல்.

"நான் பாந்தெலிஸ் இல்ல."

"அப்ப யாருங்க?"

"ஆர்கிரோ பேசறேன்."

"ஓ." தொண்டையைச் செருமிக்கொண்டான். "கை எப்படிங்க இருக்கு?"

இந்த மனிதனோடு அவள் வாழ்க்கையில் பேசியதே இல்லை. அவன் முதலில் கேட்டது கையைப் பற்றி.

"பரவாயில்ல. அக்கா இருக்காளா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ வேண்டாம் என்று சொல்வது போலவும், ஸ்தாதிஸ் தணிந்த குரலில் ஏதோ கெஞ்சுவது போலவும் இருந்தது. ஆர்கிரோ எண்ணிக்கொண்டே இருந்தாள், இருபது, இருபத்தொன்று. முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினாள். பிறகு மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"எவ்தோகியா? நான்தான். ஆர்கிரோ."

"எந்த ஆர்கிரோ?"

குரல் கொஞ்சமும் மாறவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது? தங்கச்சி என்று சொல்லலாம். அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"கல்லறையில எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசினவ," என்றாள். "அது பொய்க்கா. சொல்லும்போதே எனக்குத் தெரியும். யாரையாவது ஏதாவது சொல்லணும் போல இருந்துது. நீ எதிர்ல நின்னே."

அக்கா அழவில்லை. தொடர்பையும் துண்டிக்கவில்லை.

"பொய்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் எவ்தோகியா மெதுவாக. "உனக்கு எதுவுமே தெரியாதே."

"என்ன தெரியாது?"

"அப்பா போறதுக்கு முந்தின நாள் எங்க இருந்தார்?"

"திரிபோலிக்குப் போயிருந்தார். கண் டாக்டரைப் பார்க்க. காலையில முதல் பஸ்ல போனார், ராத்திரி வந்தார்."

"எங்க வீட்டுல இருந்தார்."

ஆர்கிரோவுக்குக் காதில் விழுந்தது. ஆனால் மண்டையில் ஏறவில்லை. "என்ன?"

"எங்க வீட்டுலதான் இருந்தார். ஸ்தாதிஸ் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டார். ரெண்டு பேரும் சீட்டு விளையாடினாங்க. அவன்கிட்ட தோத்துட்டு, ஏமாத்தறான்னு சண்டை போட்டார். சாயங்காலம் நான்தான் பஸ் ஏத்தி விட்டேன்." எவ்தோகியாவின் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "என்னாலதான் செத்தார்னு நீ சொன்னப்ப, ஒரு வார்த்தை போதும், உன் வாயை அடைச்சிருப்பேன். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"பஸ்ல ஏறும்போது அப்பா சத்தியம் வாங்கிட்டார். யார்கிட்ட வேணும்னா சொல்லு, ஆர்கிரோகிட்ட மட்டும் சொல்லாதேன்னார். பதினொரு வருஷமா எனக்கு விளங்கலை. நீயே சொல்லு. உன்கிட்ட மட்டும் ஏன் சொல்லக் கூடாதுன்னார்? அப்பாவை நீ என்ன பண்ணே?"

வாசலில் பாந்தெலிஸும் தெஸ்பினாவும் சிரித்துக்கொண்டே திரும்பி வரும் சத்தம் கேட்டது. ஆர்கிரோ கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அப்பாவைத் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அப்பா அந்த முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிய அன்று, விடிவதற்கு முன் அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தவள் அவள்தான். பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடு என்றார். கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற சட்டை. கண் டாக்டரிடம் போக அது எதற்கு என்று அவள் கேட்கவில்லை.